வாசகர் கேள்வி – பதில்: பட்டாளத்துத் தாத்தாவும் தேத்தண்ணிக் கடையும்

பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, ரோட்டோரம் கடை போட்டு, தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து மறைந்த பெரியவர்களைப் பற்றிச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒன்றையொன்று தொட்டு வரும் கேள்விகள் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

எங்கள் தாத்தா நூறு வயதுக்கு நாலு மாதம் இருக்கும்போது தவறிவிட்டார். ஸ்டேஷன் ரோட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். ஓராண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறோம். “பர்மாவில் சண்டை போட்டார்” என்கிறார் பெரியப்பா. “கண்டியில் மவுண்ட்பேட்டன் துரை ஆபிசில் சமையல்” என்கிறார் அத்தை. வீட்டில் இரண்டு மெடலும் ஒரு ஃபோட்டோவும் இருக்கின்றன. எதை எழுதுவது?
– வாசகி, பண்டாரவளை

இப்போதைக்கு இரண்டையும் எழுதாதீர்கள். மெடல்களை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்காகப் பிரித்தானிய அரசு கொடுத்தவற்றில் நட்சத்திர வடிவம் போர்முனைக்கு உரியது. வட்ட வடிவம் பொதுச் சேவைக்கு உரியது. ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகளும் அவற்றைச் சுற்றி ‘த பர்மா ஸ்டார்’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் பெரியப்பா சொல்வது பெரும்பாலும் சரி. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டெம்பர் 2 வரையான பர்மாப் போருக்கு அது கொடுக்கப்பட்டது. இலங்கைக்குள்ளேயே இருந்த சிப்பாய்க்குப் பொதுவாக அது கிடைக்காது.

வட்ட மெடலில் ஒரு சிங்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நின்றால் அது வார் மெடல். 28 நாள் முழுநேரச் சேவை செய்தவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். வெட்டிய மரக்கட்டையின் மேல் கிரீடமும் இரு பக்கமும் சிங்கங்களும் இருந்தால் அது டிபென்ஸ் மெடல். வீட்டில் இந்த இரண்டும் மட்டுமே இருந்தால் தாத்தா தீவைத் தாண்டாமலே சேவை செய்திருக்கலாம். பட்டியின் நிறத்தை நம்ப வேண்டாம், அறுந்துபோனதும் கையில் கிடைத்த பட்டியைக் கோர்த்துவிடுவது வழக்கம். பெயர் பொறித்திருக்கிறதா என்றும் தேட வேண்டாம். பிரித்தானியா இந்த மெடல்களைப் பெரும்பாலும் பெயர் வெட்டாமலே கொடுத்தது.

அத்தை சொல்வதற்கும் ஆதாரம் தேடலாம். மவுண்ட்பேட்டன் தலைமை தாங்கிய தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944 ஏப்ரலில்தான் டில்லியிலிருந்து கண்டிப் பக்கத்துப் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. 1945 கடைசியில் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. ஆக அந்த ஒன்றரை வருடத்துக்குள்தான் தாத்தா அங்கே வேலை செய்திருக்க முடியும். “1942இல் குண்டு விழுந்தபோது மவுண்ட்பேட்டன் ஆபிசில் இருந்தார்” என்று யாராவது சொன்னால் இரண்டு கதை ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். கொழும்பில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5, திருகோணமலையில் ஏப்ரல் 9. அப்போது மவுண்ட்பேட்டன் இந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்து, சிப்பாயா சிவில் வேலையாளா என்று பாருங்கள். சிப்பாய்க்குப் படை இலக்கம் உண்டு. அது ‘ஆர்மி புக் 64’ என்ற சிறு சேவைப் புத்தகத்திலோ விடுவிப்புப் பத்திரத்திலோ இருக்கும். முகாம் சமையலறையில் சிவிலியனாக இருந்தவரிடம் ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம்தான் இருக்கும். அப்படியானால் அப்படியே எழுதுங்கள். முந்நூறு பேருக்கு நேரம் தவறாமல் சமைத்துப் போட்ட கைதானே பிறகு கடையை நடத்தியது! ‘பர்மா வீரர்’ என்று போட்டுவிட்டு, பத்து வருடம் கழித்துப் பேரன் ஒருவன் அதைப் பொய்யென்று கண்டுபிடிப்பது தாத்தாவுக்கு மரியாதை இல்லை.

இலக்கம் கிடைத்தால் இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தில் விசாரியுங்கள். 1949 அக்டோபர் 10க்குப் பிறகும் சேவையில் இருந்திருந்தால் இராணுவத் தலைமையகத்துக்கு எழுதலாம். இலங்கை இராணுவம் தனியாக அமைந்த நாள் அதுதான். பிரித்தானிய இராணுவப் பிரிவுகளில் நேரடியாகச் சேர்ந்தவர்களின் கோப்புகளை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறார்கள். எங்கே எழுதினாலும் பெயரை ஒரே விதமாகக் கொடுக்காதீர்கள். ராமசாமி, ராமசுவாமி, ராமசாமீ என்று கிளார்க் காதில் விழுந்தபடியெல்லாம் பதிந்திருப்பார்கள். தகப்பன் பெயர் முன்னால் போயிருக்கும், அல்லது அதுவே முழுப்பெயராகியிருக்கும். நான்கைந்து எழுத்துக்கூட்டலையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

பிறந்த திகதியில் சண்டை வந்தால் பழைய அடையாள அட்டையைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. 25214 என்று தொடங்கினால் 1925 ஓகஸ்ட் 1. ஆனால் இந்த அட்டைகள் 1972இலிருந்துதான் வந்தன. தோட்டத்துப் பிறப்புப் பதிவு கையில் இல்லாதவர்கள் உத்தேசத் திகதி கொடுத்திருக்கலாம். பட்டாளத்தில் சேர வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. ஆகவே சேவைப் புத்தகமும் அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் பிறப்புப் பதிவுதான் மேல். அதுவும் இல்லையென்றால் வருடத்தை மட்டும் போடுங்கள்.

தாத்தாவின் மெடல்கள் கறுத்துவிட்டன. சேவைப் புத்தகம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பிராசோ போட்டுத் தேய்க்கலாமா? புத்தகத்தை லெமினேட் பண்ணலாமா?
– வாசகர், நானுஓயா

இரண்டும் வேண்டாம். பிராசோ மேல் படலத்தோடு எழுத்தின் கூர்மையையும் தின்றுவிடும், மிச்சம் இடுக்கில் வெள்ளையாக உறைந்துவிடும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். லெமினேட் செய்தால் சூட்டில் மை பரவும், உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேறாது, பிறகு பிரிக்கவும் முடியாது.

உங்கள் பக்கம் மூடுபனி என்பதால் வெயிலில் காயவைக்கத் தோன்றும். வெயில் மையை வெளுக்கப் பண்ணும். அறைக்குள் மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, காற்று நேரே படாமல் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். ஒட்டிய தாள்களை இழுக்க வேண்டாம். நன்றாக உலர்ந்தபின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துத் தானாக விடும் இடம்வரை மட்டும் பிரியுங்கள். பூஞ்சணத்தை முகமூடி போட்டுக்கொண்டு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் கறை உள்ளே இறங்கும்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஃபோட்டோவைச் சட்டத்திலிருந்து உரிக்காமல் கண்ணாடியோடே ஸ்கேன் பண்ணுங்கள். சிறிய படத்துக்கு 600 டிபிஐ வையுங்கள், அச்சில் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு நிற்கும். ஃபோட்டோவின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்பப்பாவின் கடையிலிருந்து மூன்று சீ.ஆர். கொப்பி கிடைத்திருக்கிறது. முழுக்கக் கடன் கணக்கு. இதை வைத்து என்ன எழுத முடியும்?
– வாசகர், தலவாக்கலை

மலருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. கடன் கொப்பியில் மனிதர் பொய் எழுதுவதில்லை.

முதலில் வருடத்தைப் பிடியுங்கள். ‘சிலோன்’ என்று அச்சடித்த பற்றுச்சீட்டு இடையில் இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. கணக்கு இறாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறும் பக்கம் 1970களிலோ அதற்குப் பிறகோ வரும். கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது 1953இல், அதையொட்டித்தான் ஓகஸ்ட் 12 ஹர்த்தால். 1973, 74இல் மா, சீனி, அரிசி வரவு சுருங்கி மரவள்ளி மேலே வரும். 1977, 1983 ஆகிய கலவர வருடங்களில் எழுத்து திடீரென்று நின்று சில வாரம் கழித்து வேறு பேனாவில் தொடங்கினால் அந்த இடைவெளியையும் எழுதுங்கள். கடை ஏன் பூட்டிக் கிடந்தது என்று மலைநாட்டு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 1964க்குப் பிறகு வரும் பக்கங்களில் பெயர் அடித்து ‘இந்தியா போயாச்சு’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்கள் தீர்த்துவிட்டுப் போன கடனும் தீராமல் போன கடனும் அங்கே தெரியும்.

அளவுகள்: 4 சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். ஒரு கொத்து அரிசி சுமார் 2 இறாத்தல், ஒரு இறாத்தல் 454 கிராம், ஒரு போத்தல் சுமார் 750 மில்லி. சுண்டு முகத்தல் அளவு. அரிசிக்குச் சரியான எடை மாவுக்குச் சரிவராது, ஆகவே அந்தந்தச் சாமானை நிறுத்துப் பார்த்தே கிராம் எழுதுங்கள். கதைகளில் ‘ஒரு அணாவுக்கு டீ’ என்று வந்தால் அது இந்தியாவில் நடந்தது. இலங்கையில் 1872 முதலே சதம்தான்.

கடன்காரர் பெயர் எதையும் அச்சில் போட வேண்டாம். முப்பது ரூபாய்ப் பாக்கியானாலும் பேரப்பிள்ளைகளுக்குக் கூச்சம். பக்கத்தின் படத்தைப் போடுவதானால் பெயர் இருக்கும் இடத்தை வெட்டி, சாமானும் விலையும் தெரிகிற பகுதியை மட்டும் போடுங்கள்.

நினைவு நாளுக்கு 150 பேருக்குத் தாத்தாவின் பருப்பு வடையும் இஞ்சிப் பிளேன்டீயும் கொடுக்க ஆசை. அளவு எதுவும் எழுதி வைக்கவில்லை. பாட்டி சொன்ன மாதிரி பருப்பை ஐந்து மணித்தியாலம் ஊறவைத்துக் கொழும்பில் செய்து பார்த்தேன். வடை எண்ணெயில் உதிர்ந்துவிட்டது. தேத்தண்ணி கசக்கிறது.
– வாசகர், கொழும்பு (சொந்த ஊர் நுவரெலியா)

பாட்டி சொன்னது நுவரெலியாவுக்குச் சரி. அங்கே குழாய்த் தண்ணீரே குளிர்ந்திருக்கும், கடலைப்பருப்பு ஊற நாலு ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். கொழும்புச் சூட்டில் இரண்டரை, மூன்று போதும். ஐந்து விட்டால் பருப்பு அளவுக்கு மேல் தண்ணீர் குடித்து, லேசாகப் புளிக்கவும் தொடங்கும். நகத்தால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும், உடைந்த நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும். அதுதான் பக்குவம்.

ஆளுக்கு இரண்டு என்றால் 300 வடை. ஒரு கிலோ காய்ந்த பருப்பு ஊறி அரைத்து வெங்காயமும் சேர்ந்தால் ஏறக்குறைய 2.2 கிலோ வரும். 45 கிராம் உருண்டையாக 48 வடை. ஆறரைக் கிலோ பருப்பு எடுங்கள். கிலோவுக்குப் பெரிய வெங்காயம் 300 கிராம், காய்ந்த மிளகாய் 15, பச்சை மிளகாய் 6, இஞ்சி 25 கிராம், பெருஞ்சீரகம் 10 கிராம், உப்பு 22 கிராம், கறிவேப்பிலை மூன்று கொத்து.

ஊறியதை ஓட்டைக் கூடையில் அரை மணித்தியாலம் வடிய விடுங்கள், கையில் அள்ளினால் விரல் இடுக்கில் சொட்டக் கூடாது. எட்டில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மிளகாய், பெருஞ்சீரகம், உப்பை முதலில் பொடித்துக்கொண்டு, மிச்சப் பருப்பில் பாதியைக் கரகரப்பாகவும் பாதியைச் சற்று நைசாகவும் தண்ணீர் விடாமல் அரையுங்கள். நைசாக அரைத்ததுதான் பசை. எல்லாவற்றையும் கரகரப்பாக விட்டால் உதிரும், எல்லாவற்றையும் நைசாக்கினால் உள்ளே கல்லாகும். எடுத்து வைத்த முழுப்பருப்பைக் கடைசியில் கலக்குங்கள்.

வெங்காயத்தில்தான் பெரும்பாலான கூட்டச் சமையல் கெடுகிறது. மொத்த மாவிலும் ஒரே தடவையாகப் போட்டால் உப்பு பட்டுத் தண்ணீர் விடும், ஐம்பதாவது வடைக்குள் மாவு தளர்ந்துவிடும். ஒரு சட்டிக்கு வேண்டிய மாவில் மட்டும் அவ்வப்போது கலக்குங்கள். தளர்ந்தால் ஒரு கைப்பிடி அரிசி மா சேர்த்துக் காப்பாற்றலாம். கோதுமை மா போட்டால் ஆறியதும் தோல் போல இழுபடும், அப்பச்சோடா போட்டால் எண்ணெய் குடிக்கும்.

எண்ணெயில் ஒரு துளி மாவு போட்டால் அடியில் தொட்டுவிட்டு உடனே மேலே வர வேண்டும், சுமார் 170 பாகை. விழுந்ததும் கரண்டி போடக் கூடாது. ஒரு நிமிடம் விட்டால் அடிப்பக்கம் இறுகும், பிறகு திருப்பலாம். ஐந்தாறு நிமிடத்தில் நுரை அடங்கி, சலசலப்பு குறையும்போது எடுங்கள். சட்டியை நிரப்பினால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும்.

இனித் தேத்தண்ணி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு பாகை இறங்கும். 1868 மீட்டர் உயரமுள்ள நுவரெலியாவில் அது சுமார் 94 பாகை. அந்தச் சூட்டுக்குப் பழகிய ஐந்தாறு நிமிடத்தைக் கொழும்பில் நூறு பாகைத் தண்ணீரில் கொடுத்தால் கசக்காமல் என்ன செய்யும்! கொழும்பில் மூன்றரை நிமிடம் போதும்.

ஆளுக்கு 150 மில்லி, சிந்தல் சேர்த்து 25 லீட்டர். இரண்டு தடவையாகப் போடுங்கள். லீட்டருக்கு 15 கிராம் இஞ்சியைத் தோலோடு கழுவித் தட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, லீட்டருக்கு 8 கிராம் டஸ்ட் தேயிலை கட்டிய துணிப்பையை இறக்கி நேரம் பார்த்துத் தூக்குங்கள். பையைப் பிழிய வேண்டாம், கசப்பெல்லாம் அந்தக் கடைசிப் பிழியலில்தான் வரும். சீனியைப் பானையில் போடாமல் தட்டில் வையுங்கள். கடித்துக் குடிக்கிறவர்களுக்குப் பனங்கருப்பட்டித் துண்டு கொஞ்சம் இருக்கட்டும். பால் கேட்பவர்களுக்கு இஞ்சி வெந்த சாயத்தில் பால் சேருங்கள். பச்சை இஞ்சியைப் பாலில் போட்டால் திரைந்துவிடும்.

கடை இன்னும் அப்பாவின் பெயரிலேயே நடக்கிறது. அவர் தவறி ஏழு மாதம். ஏதாவது மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஹட்டன்

உடனே. தனிநபர் வியாபாரப் பதிவு ஆளோடு முடிகிறது. மரணச் சான்றிதழ், பழைய பதிவுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், கட்டட உறுதிப்பத்திரம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அதே கடைப்பெயரைக் கேட்கலாம். வியாபார உரிமம் வேறு, அது உள்ளூராட்சி சபையில் வருடாவருடம் டிசம்பர் 31உடன் முடியும். சாப்பாட்டுக் கடை என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். சகோதரர்கள் இருந்தால் அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ச் சம்மதம் அடுத்த கல்யாணம்வரைதான்.

மாமாவுக்கு 94. தியத்தலாவை முகாமில் இருந்தவர், பிறகு ரொட்டிக் கடை. “வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்க மாமா” என்றால், “என்னத்தச் சொல்ல” என்று முடித்துவிடுகிறார்.
– வாசகி, வெலிமடை

கேள்வி பெரிது, அதுதான் காரணம். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். பழைய தோசைக்கல்லை முன்னால் வைத்து, “இதுல ஒரு நேரத்துக்கு எத்தனை ரொட்டி விழும் மாமா? விறகு எங்கிருந்து வந்துச்சு? காலைல எத்தனை மணிக்கு அடுப்பு பத்த வைப்பீங்க?” என்று போங்கள். பட்டாளத்துக்கும் அப்படியே: சப்பாத்து என்ன அளவு, பக்கத்துக் கட்டிலில் யார், சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார். முகாமில் கற்றது கடையில் எதில் தெரிந்தது என்பதையும் இடையில் கேளுங்கள். சாமான் கணக்கா, துப்புரவா, காலை நேரமா என்று அவரே சொல்லட்டும்.

காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு முப்பது, நாற்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஃபோனை ‘ஃபிளைட் மோட்’டில் போட்டு அவருக்கு ஒரு முழ தூரத்தில் துணி மேல் வையுங்கள், மேசையில் நேரே வைத்தால் கோப்பைச் சத்தம்தான் கேட்கும். மழை நேரம் தகரக் கூரைக்குக் கீழே பதிய வேண்டாம். அவர் நிறுத்தினால் ஐந்து விநாடி நீங்களும் பேசாமல் இருங்கள். திகதி தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள், திருத்தினால் அடுத்ததைச் சொல்ல மாட்டார். அதைப் பிறகு கொப்பியில் குறித்துக்கொள்ளலாம். பதிவை அன்றைக்கே திகதியும் பெயரும் போட்டு வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.

மலரை அச்சுக்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பதுளை

நடுவில் ஊசி அடிக்கும் புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்கில் வர வேண்டும்: 12, 16, 20. பதினாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனால் அச்சகம் இரண்டு வெற்றுப் பக்கம் விடும், அல்லது ‘அன்னார்’, ‘அமரர்’ என்று ஆயத்தமாக இருக்கும் கவிதை ஒன்றைப் போட்டு நிரப்பும். அதைவிட வடை அளவை ஒரு முழுப் பக்கத்தில் போடலாம்.

நீங்கள் ஃபோனில் தட்டுவது யுனிகோட். பல அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஷ, ஔ போன்றவையும் கொம்பு வரும் எழுத்துகளும் இடம் மாறும். இலக்கமும் சில நேரம் குழம்பும். ஆகவே கணினித் திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் தாளில் ஒரு புரூப் எடுத்துவரச் சொல்லி, குடும்பப் பெயர்களையும் திகதிகளையும் ஒருவர் மூலப் பிரதியிலிருந்து உரத்து வாசிக்க இன்னொருவர் புரூப்பில் விரல் வைத்துப் பாருங்கள். மருமக்கள் பெயர் விடுபடுவது அந்த இடத்தில்தான் பிடிபடும். அடையாள அட்டை இலக்கம், படை இலக்கம், வீட்டு முகவரி ஆகியவை படத்திலோ எழுத்திலோ வந்திருந்தால் அப்போதே அடித்துவிடுங்கள்.